கருவிழியை மாற்றினால் கண்ணாடி தேவைப்படாதா? வாசகர் கேள்விகள், மருத்துவக் குழுவின் பதில்கள்

கண்ணின் முன்னால் கண்ணாடி போலிருக்கும் கருவிழி மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் நோய் கெரட்டோகோனஸ். அது பற்றியும், அதற்காகச் செய்யப்படும் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கருவிழி மருத்துவர்களும் கான்டாக்ட் லென்ஸ் பொருத்தும் நிபுணர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே எதிர்பார்ப்பு தெரிந்தது: மாற்றிவிட்டால் மறுநாளே பளிச்சென்று தெரியும், கண்ணாடியும் வேண்டாம் என்பது. அந்த எதிர்பார்ப்போடு அறுவை அரங்குக்குள் போகிறவர்கள்தான் பின்னால் மனம் உடைந்துபோகிறார்கள். அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. வலது கண்ணில் கெரட்டோகோனஸ் முற்றிவிட்டது என்கிறார்கள். ஒரு டாக்டர் கருவிழியை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் லென்ஸ் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கருவிழியின் நடுவில் தழும்பு இருக்கிறதா? கருவிழி தெளிவாக இருந்து வடிவம் மட்டும் கெட்டிருந்தால், அந்த மேடுபள்ளத்தை லென்ஸ் ஈடுகட்டிவிடும். பார்வைப் பாதையிலேயே வெள்ளைத் தழும்பு விழுந்திருந்தால் எந்த லென்ஸாலும் அதைத் தாண்டி ஒளியைத் தெளிவாக அனுப்ப முடியாது. அப்போது மாற்று சிகிச்சை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

‘முற்றிவிட்டது’ என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்ல கருவிழியின் வளைவு 43, 44 டயாப்டர் (வளைவையும் கண்ணாடிப் பவரையும் அளக்கும் அலகு) அளவில் இருக்கும். நடுத் தடிமன் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உங்கள் மகனின் அறிக்கையில் வளைவு 60ஐத் தாண்டியிருக்கலாம், தடிமன் 400க்குக் கீழே இறங்கியிருக்கலாம். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் எண் மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. 2018ல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்றில், வளைவு 70 டயாப்டருக்கு மேல் போய்விட்ட 51 கண்களுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்தினார்கள். அவற்றில் 40 கண்கள் அந்த லென்ஸோடேயே சமாளித்தன. லென்ஸ் இல்லாவிட்டால் மாற்று சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டிய கண்கள் அவை.

வழக்கமான கடின லென்ஸ் கருவிழியின் மேலேயே உட்காரும். கூம்பு கூர்மையானால் முனையில் உரசும், வலிக்கும், நழுவி விழும். ஸ்கிளீரல் லென்ஸ் அப்படியல்ல. 15 முதல் 18 மில்லிமீட்டர் அகலம் கொண்ட அது வெள்ளை விழியின் மேல் உட்கார்ந்து, கருவிழியைத் தொடாமல் பாலம் போலக் கடந்து நிற்கும். இடையில் இருக்கும் உப்புக் கரைசல்தான் மேடுபள்ளத்தை நிரப்புகிறது. போடும்போது லென்ஸ் கிண்ணத்தில் பாதுகாப்பு மருந்து கலக்காத கரைசலைத் தளும்ப நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் குனிந்து போட வேண்டும். காற்றுக் குமிழி சிக்கினால் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். சில மணி நேரத்தில் உள்ளே மங்கல் படிந்தால், கழற்றிக் கரைசலை மாற்றிப் போட்டால் தெளிந்துவிடும். அடிக்கடி அப்படி ஆனால் ஓரத்தின் வளைவைத் திருத்தித் தரச் சொல்லலாம். முதல் லென்ஸ் சரியாக அமையவில்லை என்பதற்காக லென்ஸே சரிப்படாது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மூன்று முறை திருத்தி எடுப்பது இந்த லென்ஸுக்குச் சகஜம்.

நடுத் தழும்பு, நன்றாகப் பொருத்தியும் சில மணி நேரம்கூடத் தாங்க முடியாத கண், லென்ஸோடும் அன்றாட வேலைக்குப் போதாத பார்வை. இந்த மூன்றில் ஒன்று உறுதியான பிறகு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். 19 வயதில் இன்னொரு கேள்வியும் உண்டு: நோய் இன்னும் வளர்கிறதா என்பது. அதற்குத்தான் அடுத்த பதில்.

கேள்வி: குறுக்கிணைப்புச் சிகிச்சை, அதாவது கிராஸ் லிங்க்கிங் செய்தால் பார்வை திரும்பிவிடுமா?

பதில்: திரும்பாது. இருக்கும் இடத்திலேயே நோயை நிறுத்துவதுதான் அதன் வேலை. சிலருக்கு வளைவு ஒன்றிரண்டு டயாப்டர் குறையலாம். அதை எதிர்பார்த்துச் செய்யக் கூடாது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை இது. மனிதக் கண்களில் கிடைத்த முதல் முடிவுகள் 2003ல் வெளியாயின. கருவிழியின் மேல்தோலை நீக்கி, ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டு மருந்தை (0.1%) அரை மணி நேரம் ஊற விடுவார்கள். பிறகு 370 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை இன்னொரு அரை மணி நேரம் பாய்ச்சுவார்கள். கதிரின் வலுவைக் கூட்டிப் பத்து நிமிடத்தில் முடிக்கும் முறையும் வந்துவிட்டது. மேல்தோலை நீக்கிய பின் குறைந்தது 400 மைக்ரான் தடிமன் வேண்டும் என்பது அடிப்படை விதி. கருவிழியின் உட்புறத்தை மூடியிருக்கும் உள்படலச் செல்களைக் கதிர் சுட்டுவிடாமலிருக்கத்தான் அந்த எல்லை. மெலிந்த கருவிழிக்கு அதை வீங்க வைக்கும் மருந்து போன்ற மாற்று வழிகள் உண்டு. முதல் மூன்று நான்கு நாள் வலி இருக்கும். சில மாதம் லேசான மங்கல் இருந்து மறையும்.

ஒரு வருடத்தில் வளைவு 1 டயாப்டர் ஏறியிருந்தால் காத்திருக்க வேண்டாம். பதின்ம வயதில் நோய் வேகமாக ஓடும். ஒரே ஒரு அறிக்கையிலேயே முற்றிய நிலை தெரிந்தால் அடுத்த அளவீட்டுக்குக் காத்திராமல் செய்துவிடும் மருத்துவர்களும் உண்டு, அது தவறில்லை.

கேள்வி: கண் தானமாகக் கிடைத்தால் முழுக் கண்ணையும் மாற்றுவார்களா? ரத்தப் பிரிவு பொருந்த வேண்டாமா?

பதில்: முழுக் கண்ணை மாற்றிப் பார்வை கொடுக்கும் சிகிச்சை நடைமுறையில் இல்லை. மாற்றுவது முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற கருவிழியை மட்டும். அதிலும் நடுவிலுள்ள எட்டு மில்லிமீட்டர் வட்டத்தை மட்டும். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் வழக்கமான கெரட்டோகோனஸ் கண்ணுக்கு ரத்தப் பிரிவோ திசு வகையோ பார்ப்பதில்லை. கொடுத்தவரின் கண் நிறமும் உங்களுக்கு வராது. நிறம் இருப்பது பின்னாலுள்ள ஐரிஸில்.

கண் வங்கி பார்ப்பது வேறு விஷயங்களை. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். உள்படலச் செல்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். முழுத் தடிமனையும் மாற்ற வேண்டுமானால் ஒரு சதுர மில்லிமீட்டரில் 2000க்கு மேல் செல்கள் இருக்க வேண்டும் என்பது பல வங்கிகளின் அளவுகோல். கொடுத்தவர் கண்ணாடி அணிந்திருந்தாலும், கண்புரை அறுவை செய்திருந்தாலும் அது தானத்துக்குத் தடையில்லை.

கேள்வி: பி.கே., டால்க் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எது நல்லது? விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: கருவிழியை ஒரே தகடாக நினைக்காமல் அடுக்குகளாக நினைத்துப் பாருங்கள். வெளியே மேல்தோல், சுமார் 50 மைக்ரான். அதன் கீழே போமன் படலம். பிறகு மொத்தத் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரோமா. அதற்கும் உள்ளே டெசிமெட் சவ்வு, சுமார் 10 மைக்ரான். கடைசியில் ஒற்றை வரிசைச் செல்களாலான உள்படலம், எண்டோதீலியம். கருவிழிக்குள் கசியும் நீரை இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருப்பவை இந்தச் செல்கள்தான். அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

கெரட்டோகோனஸில் கெடுவது போமன் படலமும் ஸ்ட்ரோமாவும். உள்படலம் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். இதுதான் முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்.

பி.கே. என்பது எல்லா அடுக்குகளையும் சேர்த்து வட்டமாக வெட்டி எடுத்து, தானமாகக் கிடைத்த முழுத் தடிமன் கருவிழியைத் தைப்பது. 1905 டிசம்பர் 7 அன்று ஒலோமோட்ஸ் நகரில் எடுவர்ட் சிர்ம் செய்த, வரலாற்றில் வெற்றி கண்ட முதல் கருவிழி மாற்று இந்த வகைதான். சுண்ணாம்பால் கண் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு அது செய்யப்பட்டது. டால்க் என்பது முன் அடுக்குகளை மட்டும் நீக்கி, நோயாளியின் சொந்த டெசிமெட் சவ்வையும் உள்படலத்தையும் அப்படியே விட்டுவிட்டு மேலே தைப்பது. 2002ல் முகமது அன்வரும் கிளாவ்ஸ் டைக்மனும் வெளியிட்ட ‘பெருங்குமிழி’ உத்திதான் இதைப் பரவலாக்கியது. கருவிழியை ஏறத்தாழ முக்கால் ஆழம் வரை வட்டமாகக் கீறி, அந்தக் கீறலின் அடியில் ஊசியை நுழைத்துக் காற்றைச் செலுத்துவார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் ஸ்ட்ரோமாவுக்கும் உள்சவ்வுக்கும் நடுவே காற்று புகுந்து, வெள்ளை வட்டமாக ஒரு குமிழி உப்பும். பிறகு ஸ்ட்ரோமாவை நான்கு துண்டாக வெட்டி எடுத்துவிடலாம்.

டால்க்கின் பெரிய லாபம் இதுதான்: அந்நியரின் உள்படலம் உள்ளே வராததால், பொருத்திய கருவிழியைக் கெடுப்பதில் முதன்மையான உள்படல நிராகரிப்பு (உடல் அதை அந்நியத் திசுவாகக் கண்டு தாக்குவது) அங்கே நிகழ வழியே இல்லை. மேல் அடுக்குகளில் நிராகரிப்பு வரலாம். அது பெரும்பாலும் மருந்துக்கு அடங்கும். அடிபட்டால் தாங்கும் வலுவும் பி.கே.யை விட அதிகம். ஸ்டீராய்டு மருந்தையும் சீக்கிரம் நிறுத்தலாம்.

பார்வையில்? உள்சவ்வு வரை சுத்தமாக எடுக்க முடிந்த டால்க்கும் பி.கே.யும் கிட்டத்தட்டச் சமம். அடியில் ஸ்ட்ரோமா தடித்து மிஞ்சினாலோ, சவ்வில் சுருக்கம் விழுந்தாலோ டால்க் பார்வை அட்டையில் ஒரு வரி பின்தங்கும். வாழ்க்கை முன்னால் நீண்டு கிடக்கும் இளைஞருக்கு, சவ்வு கிழியாத கண்ணில், டால்க்கையே முதலில் முயல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: டால்க் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, இடையில் சவ்வு கிழிந்ததால் பி.கே. செய்துவிட்டோம் என்கிறார்கள். இது கவனக்குறைவா?

பதில்: 10 மைக்ரான் சவ்வை ஒட்டி வேலை செய்யும் அறுவை இது. கூம்பின் முனையில் சவ்வு இழுபட்டு நலிந்திருக்கும். அனுபவமுள்ள கைகளிலும் சில கண்களில் கிழியும். சிறு துளையானால் காற்றை நிரப்பி டால்க்காகவே முடிப்பார்கள். பெரிய கிழிசலைப் பிடிவாதமாக விட்டுவைத்தால் இரு அடுக்குக்கும் நடுவே நீர் தேங்கிக் கருவிழி வெளுத்துவிடும். அந்த நேரத்தில் பி.கே.க்கு மாறுவதுதான் சரி. இந்தச் சாத்தியத்தை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பி.கே.க்கும் ஏற்ற செல் எண்ணிக்கையுள்ள கருவிழி அரங்கில் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான்.

கேள்வி: அறுவை நாளிலும் முதல் வாரத்திலும் என்ன நடக்கும்?

பதில்: இளைஞர்களுக்கும் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் முழு மயக்கம், மற்றவர்களுக்குக் கண்ணைச் சுற்றி ஊசி. ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். நோயாளியின் கருவிழியில் வழக்கமாக 7.5 முதல் 8.5 மில்லிமீட்டர் வட்டம் வெட்டுவார்கள். புதிய வட்டத்தைச் சற்றுப் பெரிதாக எடுப்பது பொதுவழக்கம். கெரட்டோகோனஸில் அந்தக் கூடுதலைக் கால் மில்லிமீட்டருக்குள் வைப்பார்கள், அல்லது சம அளவே எடுப்பார்கள். பெரிதாகிவிட்டால் கருவிழி மேலும் வளைந்து கிட்டப்பார்வை ஏறிவிடும். பிறகு தலைமுடியை விட மெல்லிய 10-0 நைலான் இழையால் தையல்: தனித்தனியாக 16 முடிச்சு, அல்லது ஓடுதையல், அல்லது இரண்டும் கலந்து. முடிச்சுகளைத் திசுவுக்குள் புதைத்துவிடுவார்கள்; இல்லாவிட்டால் இமைக்குள் மணல் போல உறுத்தும்.

மறுநாள் கட்டை அவிழ்த்து மூன்றைப் பார்ப்பார்கள்: தையல் வழியே நீர் கசிகிறதா, கண் அழுத்தம் எவ்வளவு, மேல்தோல் மூடிவருகிறதா. டால்க் ஆனால் இரண்டு அடுக்கும் ஒட்டியிருக்கிறதா என்பது நான்காவது. ஒட்டாமல் நடுவில் நீர் நின்றால் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி விட்டு, மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். கண்ணுக்குள் காற்றோ வாயுவோ இருக்கும் வரை விமானத்தில் ஏறக் கூடாது. உயரத்தில் அது விரிந்து கண் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

கேள்வி: எனக்கு பி.கே. செய்து எட்டு மாதம் ஆகிறது. கருவிழி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது என்கிறார் டாக்டர். எனக்கோ எல்லாம் இழுபட்டுத் தெரிகிறது. அறுவை தோற்றுவிட்டதா?

பதில்: தோற்கவில்லை. தெளிவு வேறு, வடிவம் வேறு. டாக்டர் பார்த்தது தெளிவை. உங்களைப் படுத்துவது வடிவம். தையல்கள் ஒவ்வொன்றும் கருவிழியைத் தன் பக்கம் இழுக்கின்றன. எங்கே இறுக்கமோ அந்தத் திசையில் வளைவு கூடும். அதனால் உண்டாவதுதான் சிலிண்டர் பவர். தையல் இருக்கும் காலத்தில் அது 5, 6 டயாப்டர் வரைகூட நிற்கலாம்.

கருவிழியில் ரத்தக் குழாய் இல்லாததால் காயம் ஆறுவது மிக மெதுவாக நடக்கும். சில மாதங்களுக்குப் பிறகு, கருவிழி வரைபடத்தைப் பார்த்து, இறுக்கமான திசையில் உள்ள தனித்தையலை மட்டும் ஒன்றிரண்டாக எடுப்பார்கள். ஓடுதையலாக இருந்தால் இழையைத் தளர்த்திப் பகிர்ந்து சரிசெய்வதும் உண்டு. ஒவ்வொரு முறையும் சில வாரம் காத்திருந்து மறுபடி வரைபடம். டால்க்கில் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கி ஒரு வருடத்துக்குள் எல்லாத் தையலையும் எடுத்துவிடலாம். பி.கே.யில் 12 முதல் 18 மாதம் வரை விடுவார்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் உருவினால் காயம் விரிந்துவிடும்.

எட்டாவது மாதத்தில் உங்கள் பார்வையை எடைபோடுவது, ஈரம் காயாத சுவரில் வண்ணம் பார்ப்பது போல. இடைக்காலத்துக்கு ஒரு தற்காலிகக் கண்ணாடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிரந்தரக் கண்ணாடிக்குக் கடைசித் தையல் எடுத்து மூன்று மாதம் போகட்டும். தையல் எடுத்த பிறகு அளவு நல்லதாகவும் மாறலாம், மோசமாகவும் மாறலாம். முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று கண்ணில் மணல் உறுத்தல், ஒரே இடத்தில் சிவப்பு, கண்ணீர் என்றால் தையல் தளர்ந்திருக்கலாம். தளர்ந்த இழையில் பீளை சேரும். அதன் வழியே கிருமி நுழையும், ரத்தக் குழாய் வளரும், நிராகரிப்பு தொடங்கும். அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் அன்றே போய் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: எல்லாம் முடிந்த பிறகாவது கண்ணாடி இல்லாமல் இருக்கலாமா?

பதில்: ஒரு சிலரால் முடியும். அதை நம்பி அறுவைக்குப் போகாதீர்கள். எல்லாத் தையலும் எடுத்த பின்னும் சராசரியாக 3 முதல் 5 டயாப்டர் வரை சிலிண்டர் பவர் மிஞ்சும். கண்ணாடிக்கு அடங்காத கண்ணைக் கண்ணாடிக்கோ லென்ஸுக்கோ அடங்க வைப்பதுதான் இந்த அறுவையின் உண்மையான பலன். கெரட்டோகோனஸுக்கு மாற்று செய்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் திருத்தக் கண்ணாடி அல்லது லென்ஸோடு 6/12 (மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு) அல்லது அதைவிட நல்ல பார்வை பெறுகிறார்கள். லென்ஸை வெறுத்து அறுவைக்குப் போனவர் திரும்பவும் லென்ஸுக்கே வருவது நிறைய நடக்கிறது. ஆனால் இப்போது கூம்பு இல்லாததால் லென்ஸ் பொருந்துவது சுலபம்.

சிலிண்டர் பவர் மிக அதிகமாக நின்றுவிட்டால் பொருத்திய கருவிழியிலேயே வில் போன்ற சிறு கீறல்கள், லேசர் திருத்தம், கண்புரையும் இருந்தால் சிலிண்டர் பவர் சேர்ந்த உள்லென்ஸ் என்று வழிகள் இருக்கின்றன. எல்லாமே தையல் எடுத்து அளவு நிலைத்த பின்.

கேள்வி: நிராகரிப்பு என்கிறார்களே, அதை வீட்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நான்கு அறிகுறி: சிவப்பு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், வலி. நான்கும் சேர்ந்து வர வேண்டும் என்றில்லை. ஒன்று வந்து சில மணி நேரத்தில் அடங்காவிட்டாலே போக வேண்டும். தினமும் காலையில் நல்ல கண்ணை மூடிக்கொண்டு, ஒரே தூரத்திலுள்ள ஒரே எழுத்தை, உதாரணமாக நாட்காட்டித் தாளின் தேதியைப் பாருங்கள். நேற்று தெரிந்தது இன்று புகைமூட்டமாக இருந்தால் அதுவே முதல் மணி.

உள்படல நிராகரிப்பில் மருத்துவருக்கு நுண்விளக்கில் தெரிவது, உள்படலத்தின் மேல் செல்கள் கோடாக அணிவகுத்து நகர்வது. அந்தக் கோடு கடந்து வந்த பக்கம் கருவிழி வீங்கியிருக்கும். இழந்த செல்கள் திரும்பாது என்பதால்தான் மணிக்கணக்கு முக்கியம். மணிக்கொரு முறை 1% பிரெட்னிசோலோன் அசிடேட் சொட்டு மருந்தோடு சிகிச்சை தொடங்கும். கடுமையாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ சேரும். உடனே வந்தவர்களில் பெரும்பாலோரின் கருவிழி தப்பிவிடுகிறது. ‘வெறும் கண்வலிதான்’ என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் கழித்து வருபவர்களின் கருவிழியைத்தான் காப்பாற்ற முடியாமல் போகிறது.

முதல் இரண்டு வருடம்தான் அதிக ஆபத்து. அதற்குப் பிறகும் ஆபத்து பூஜ்யமாவதில்லை. பத்து வருடம் கழித்தும் வரலாம். தையல் எடுத்த பின்பு வரும் வாரங்கள் தனிக் கவனம் கேட்பவை. அப்போது ஸ்டீராய்டு அளவைக் கொஞ்சம் கூட்டுவது அதனால்தான்.

கேள்வி: கண் நன்றாக இருப்பதால் சொட்டு மருந்தை நானே நிறுத்திவிட்டேன். ஸ்டீராய்டு கெடுதல் என்கிறார்களே?

பதில்: இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கண் நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான். பாதிக் கிணற்றைத் தாண்டியது போல ஆகிவிடும். பி.கே.க்குப் பொதுவாக முதல் சில வாரம் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முறை, பிறகு நான்கு முறை, பிறகு மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு முறை குறைத்து ஒரு வருடத்தில் தினம் ஒரு சொட்டுக்கு வருவார்கள். பலருக்கு அந்த ஒரு சொட்டு வருடக்கணக்கில் தொடரும். டால்க்கில் இதைவிடச் சீக்கிரம் முடியும்.

நீங்கள் பயப்படுவதிலும் காரணம் இருக்கிறது. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும்; அழுத்தம் ஏறினால் வலிக்காது, சிவக்காது, பார்வை நரம்பை மட்டும் சத்தமில்லாமல் தின்னும். நீண்ட நாள் போட்டால் கண்புரை சீக்கிரம் வரும். இதற்குத் தீர்வு ஒவ்வொரு சந்திப்பிலும் கண் அழுத்தத்தை அளக்கச் சொல்வது. அழுத்தம் ஏறினால் ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் போன்ற மென்மையான ஸ்டீராய்டுக்கு மாற்றுவார்கள், அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தையும் சேர்ப்பார்கள். குப்பியை நன்றாகக் குலுக்கிய பிறகு போடுங்கள். பிரெட்னிசோலோன் அடியில் படிந்துவிடும் மருந்து, குலுக்காவிட்டால் விழுவது வெறும் நீர். இரண்டு மருந்துக்கு இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. பொருத்திய கருவிழி ஆயுள் முழுக்க வருமா?

பதில்: நேராகவே சொல்கிறோம். கெரட்டோகோனஸ்தான் கருவிழி மாற்றில் மிக நல்ல பலன் தரும் நோய்களில் ஒன்று. ஆஸ்திரேலியக் கருவிழி மாற்றுப் பதிவேட்டில் கெரட்டோகோனஸுக்காகப் பொருத்திய முதல் கருவிழிகளில் சுமார் 89% பத்து ஆண்டு கழித்தும் வேலை செய்தன. இருபது ஆண்டில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நிராகரிப்பே வராவிட்டாலும், பி.கே.யில் பொருத்திய உள்படலச் செல்கள் இயல்பை விட வேகமாகக் குறைகின்றன. சதுர மில்லிமீட்டருக்கு 500 அளவுக்குக் கீழே போனால் நீர் இறைக்க ஆள் போதாமல் கருவிழி வெளுக்கும்.

அதாவது 22 வயதில் பி.கே. செய்துகொள்பவர் ஆயுளில் இன்னொரு முறை, சிலர் இரண்டு முறை, மாற்ற வேண்டி வரலாம். மறுமாற்று சாத்தியமே, ஆனால் ஒவ்வொரு முறையும் நிராகரிப்பு ஆபத்து ஏறும். சில கண்களில் உள்படலத்தை மட்டும் மாற்றினால் போதும், முழுவதையும் மறுபடி வெட்ட வேண்டியதில்லை. சொந்த உள்படலத்தையே வைத்துக்கொள்ளும் டால்க்கை இளைஞர்களுக்கு வலியுறுத்துவதும், அதற்கும் முன்னால் லென்ஸை முழுமூச்சாக முயலச் சொல்வதும் இந்தக் கணக்கால்தான்.

இன்னொன்று: பத்து, இருபது வருடம் கழித்து, ஒட்டிய வட்டத்தின் விளிம்பில் நோயாளியின் சொந்தக் கருவிழி மெலிந்து மறுபடி கூம்பு போலச் சாயலாம். சிலிண்டர் பவர் காரணமில்லாமல் ஏறினால் இதைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: ஒரு நாள் காலையில் எழுந்தபோது கண்ணில் திடீர் வெள்ளை, வலி, நீர். ‘ஹைட்ராப்ஸ்’ என்றார்கள். உடனே கருவிழி மாற்ற வேண்டாமா?

பதில்: வேண்டாம். டெசிமெட் சவ்வு கிழிந்து, கண்ணுக்குள் இருக்கும் நீர் ஸ்ட்ரோமாவுக்குள் புகுந்துவிட்டது. பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து கிழிசலை மூடும். இரண்டு முதல் நான்கு மாதத்தில் வீக்கம் வற்றும். வீக்கத்தைத் தணிக்க உப்புச் சொட்டு மருந்து கொடுப்பார்கள். கண்ணுக்குள் வாயுக் குமிழி விட்டால் வீக்கம் சீக்கிரம் வடியும். வீங்கிச் சிவந்த கண்ணில் அவசரமாக மாற்றினால் நிராகரிப்புக்கு வழி திறந்துவிடுவோம். வற்றிய பிறகு தழும்பு ஓரமாக விழுந்தால், கருவிழி தட்டையாகி முன்பைவிட லென்ஸ் நன்றாகப் பொருந்துவதும் உண்டு. நடுவில் விழுந்தால் மாற்று சிகிச்சை. சவ்வு ஏற்கெனவே கிழிந்து ஒட்டியது என்பதால் காற்றுக் குமிழி முறை ஆபத்து, பெரும்பாலும் பி.கே.

கேள்வி: அறுவைக்குப் பிறகு வேலை, விளையாட்டு, குளியல் எல்லாம் எப்போது?

பதில்: உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரம். கனம் தூக்குவது, மூச்சை அடக்கி முக்குவது இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டாம். முதல் மாதம் கழுத்துக்குக் கீழே குளியல். தலைக்கு ஊற்றும்போது மல்லாந்து, கண்ணில் நீர் படாமல். தூங்கும்போது துளையிட்ட பிளாஸ்டிக் மூடி, குறைந்தது ஒரு மாதம். நீச்சலை மருத்துவர் அனுமதித்த பின், நீச்சல் கண்ணாடியோடு.

வெட்டிய இடம் பழைய வலுவுக்கு ஒருபோதும் திரும்புவதில்லை. இருபது வருடம் கழித்தும் முழங்கை பட்டு அந்த வட்டம் பிளந்துவிடலாம். குத்துச்சண்டை, மல்யுத்தம், கபடி போன்றவற்றை பி.கே. செய்தவர் விட்டுவிடுவதே நல்லது. பந்து விளையாட்டுக்கும் பட்டறை வேலைக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கண்ணைத் தேய்க்கும் பழக்கம் இதற்கெல்லாம் மேலே. தேய்ப்பதுதான் மெலிந்த கருவிழியை மேலும் தள்ளுகிறது. அறுவைக்குப் பின் அது தையலைத் தளர்த்துகிறது. ‘தேய்க்காதே’ என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை, அரிப்பை நிறுத்த வேண்டும். கண் ஒவ்வாமையை அறுவைக்கு முன்பே மருந்தால் அடக்குங்கள். அரித்தால் குளிர்ந்த துணியை மூடிய இமைமேல் வையுங்கள். குப்புறப் படுத்து முகத்தைத் தலையணையில் அழுத்தும் பழக்கத்தையும் மாற்றுங்கள்.

கேள்வி: மாற்று சிகிச்சைக்குப் பிறகு என் கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கரிய துளை) விரிந்தே இருக்கிறது. ஏன்?

பதில்: கெரட்டோகோனஸ் கண்களில் அரிதாக வருவது இது, உரேட்ஸ்-சவாலியா நோய்க்குறி என்பார்கள். அறுவையின்போதோ அதை ஒட்டியோ கண் அழுத்தம் ஏறி ஐரிஸுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டதால் வருவதாகக் கருதுகிறார்கள். கண் அழுத்தத்தை உடனே சோதிக்கச் சொல்லுங்கள். கூச்சத்துக்கு நிறமிட்ட கண்ணாடியோ, நடுவில் துளைபோல் அச்சிட்ட லென்ஸோ உதவும்.

கேள்வி: எனக்கு ஒரு கண் மாற்றியாகிவிட்டது. இன்னொரு கண்ணுக்கும் தம்பிக்கும் என்ன செய்வது?

பதில்: இரண்டு கண்ணையும் ஒரே சமயத்தில் மாற்றுவதில்லை. முதல் கண்ணில் தையல் எடுத்துப் பார்வை நிலைக்க ஒரு வருடமாவது ஆகும். அதுவரை இரண்டாவது கண்தான் உங்கள் ஊன்றுகோல். அதில் நோய் ஓடிக்கொண்டிருந்தால் குறுக்கிணைப்பு, பார்வைக்கு லென்ஸ். கூம்பு மிதமாக இருந்து லென்ஸ் ஒத்துவராவிட்டால் கருவிழிக்குள் வில் வடிவத் துண்டுகளைப் பதித்துத் தட்டையாக்கலாம். பிளாஸ்டிக் துண்டுகளுக்குப் பதில் தானக் கருவிழித் திசுவையே பதிக்கும் முறையை சூசன் ஜேக்கப் 2018ல் வெளியிட்டார். பிளாஸ்டிக்கைப் போல அது மெல்ல மெல்ல வெளியே துருத்திக்கொண்டு வரும் தொல்லை குறைவு.

தம்பியைக் கண்ணாடி அளவு மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் கருவிழி வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்ப நிலையில் 6/6 தெரியும் கண்ணிலும் பின்பக்க வளைவு மாறியிருக்கும். அது வரைபடத்தில்தான் அகப்படும். அவர் மென்லென்ஸ் போடுபவரானால் ஒரு வாரமாவது, கடின லென்ஸ் ஆனால் இரண்டு முதல் நான்கு வாரமாவது கழற்றி வைத்த பிறகு அளக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி பொய் அளவு காட்டும். அறிக்கை சரியாக இருந்தாலும் பதின்ம வயது முடியும் வரை வருடம் ஒரு முறை, அதே வகைக் கருவியில் மறுபடி எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள்.